மூன்று வர்க்கம் ஐந்தான கதை

எதையாவது சில வர்க்கங்களின், அதாவது தன்னாலேயே பெருக்கி வருபவற்றின், கூட்டாக எழுதிக் காட்டுவதுதான் என் வேலை; இதைக் கேட்டும் எழுந்து போகாதவர்கள் மாத்தளையில் மூன்று பேர். நீங்களும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் என்றால், என் பாடு விளங்கும்.

மைனஸ் ஒன்று

எந்த எண்ணைத் தன்னாலேயே பெருக்கினாலும் மைனஸ் வராது. ஆனால் நான்கு எண்களைச் சதுரமாக அடுக்குங்கள். அதற்குப் பெயர் தாயம், இங்கிலீஷில் மேட்ரிக்ஸ். அங்கே மைனஸ் ஒன்றும் ஒரு வர்க்கம்தான். பக்கத்து ஊர் நாலந்தாவுக்குப் போகும் வழியில் இதை த்ரீவீலர் ராஜேந்திரனிடம் சொன்னேன். கொட்டாவி விடுவான் என்று நினைத்தேன். வண்டியை ஓரம் கட்டி, எழுதிக் காட்டச் சொன்னான். பெருக்கிப் பார்த்தான். சரியாக வந்தது.

"தனி ஆளால முடியாததை நாலு பேரு கூடி உக்காந்தா முடிச்சிடுறாங்க, இல்லீங்களா சேர்?"

மல்லி

தாயத்தில் இன்னொரு தொல்லை. இரண்டை மூன்றால் பெருக்கினாலும் மூன்றை இரண்டால் பெருக்கினாலும் ஆறு. தாயங்களை வரிசை மாற்றிப் பெருக்கினால் விடையே மாறலாம். இதை பல்லேபொலயில் தூள் அரைக்கும் மில்காரர் ஃபரீத் நானாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். மறுவாரம் அவரிடமே மல்லியை வறுக்காமல் கொண்டுபோய், "அரைச்சுத் தாங்க, வீட்டுல வறுத்துக்கிறேன்" என்றேன். மெசினை நிறுத்தினார். வரிசையில் நின்றவர்களைக் காக்க வைத்து, தன் அடுப்பிலேயே வறுத்துக் கொண்டுவந்தார்.

"வறுத்து அரைச்சா தூள், அரைச்சு வறுத்தா கரி. போன கிழமை இதைத்தானே சேர் எனக்கு விளங்கப்படுத்தினீங்க?"

பதினொன்றாம் பக்கம்

ஒரு புதுவகைத் தாயங்களில் எதையும் மூன்று வர்க்கங்களின் கூட்டாக எழுதலாம் என்று நிறுவ இரண்டு வருடம் பிடித்தது. வாழ்நாளில் நானே கண்டது அது ஒன்றுதான். எழுதி முடித்த அன்றே ஒரு வெளிநாட்டுக் கணக்குச் சஞ்சிகைக்கு அனுப்பிவிடத் துடித்தேன். டவுனில் டைப் பண்ணும் பிலோமினாவிடம் கொடுத்தேன். அவளுக்குக் கணக்கு தெரியாது. இருப்பதை இருப்பதுபோல் அடிப்பாள். பதினொன்றாம் பக்கத்தில் அவள் கை நின்றது.

"சேர், இவ்வளவு நேரமும் A முன்னுக்கு, B பின்னுக்கு. இங்க B முன்னுக்கு வந்திருச்சே?"

"ரெண்டும் ஒன்னுதான். அடிம்மா."

அடிக்கவில்லை.

"ஒன்னுன்னா, மத்தப் பக்கமெல்லாம் ஏன் சேர் அவ்வளவு கவனமா எழுதுனீங்க?"

ஐந்து

எட்டிப் பார்த்தேன். மல்லியில் செய்ததைப் போலவே இதிலும் வரிசையை மாற்றியிருந்தேன். கடதாசியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். நன்றிகூடச் சொல்லவில்லை.

மூன்று வர்க்கம் என்பது நிற்கவில்லை. எட்டு மாதம் மல்லுக்கட்டினேன். ஐந்து வர்க்கம் என்றால் நிற்கிறது. மறுபடி அவளே அடித்தாள். சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. பிழையோடு போயிருந்தால் அதோடு நான் பேனாவை மூடியிருப்பேன்.

அச்சில் வந்த கடைசிப் பக்கத்தை அவளிடம் நீட்டினேன். நன்றி என்று போட்டு மூன்று பெயர்கள். விரல் வைத்து மெதுவாக வாசித்தாள்.

"பிலோமினா, ஃபரீத், ராஜேந்திரன்னு இருக்கு. இந்த வரிசையை மாத்தினா கணக்கு பிழையாயிருமா சேர்?"

ஆகாது, இந்த மூன்று பேரும் எனக்குப் பெருக்கல் இல்லை, கூட்டல்.