கொஞ்சம் அழுக்கு கிடைக்குமா

“அழுக்கா இருந்தாத்தான் வேணும் தம்பி. எவ்வளவு கேவலமா இருக்கோ அவ்வளவு நல்லது,” என்று மூச்சு வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தாள் மைக்காரி. கையில் காலி டின். காலில் ஒரு செருப்புதான். மற்றது தெருமுனையில் அறுந்து விழுந்தது. குனிந்து எடுக்க நேரமில்லை.

கார் பெயிண்டர், பெயிண்ட் அடிக்கும் துப்பாக்கியைக் கழுவிய தின்னரைச் சுவரோரம் கொட்டப் போனவன், அப்படியே நின்றான்.

“அக்கா, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

உடம்புக்கு ஒன்றுமில்லை. பட்டறைதான் சுத்தமாகிவிட்டது.

அவளுடையது அச்சு மைப் பட்டறை. அச்சகத்தில் தாள் மடித்துக்கொண்டிருந்தவள், அங்கே மை கொண்டுவந்து போட்டவனையே கட்டிக்கொண்டாள். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் மையை விடவில்லை. ஒவ்வொரு நிறம் முடிந்ததும் தொட்டியைத் தின்னர் ஊற்றிக் கழுவ வேண்டும். கழுவியது பின்சுவர் ஓட்டை வழியாகச் சாக்கடைக்குப் போகும். “இன்னைக்குப் பச்சையா?” என்று பின்தெருப் பெண்கள் அவளைப் பார்த்ததும் கேட்பார்கள். சிரித்துவிட்டுப் போவாள். ஒருநாள் அவர்கள் வீட்டு நாய் முழங்கால்வரை சிவந்து, வாயும் சிவந்து, வாலை ஆட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்து நின்றது. அன்றே ஓட்டையை சிமென்ட் வைத்து அடைத்தாள்.

அதன்பின் அழுக்குத் தின்னரை டிரம்மில் சேர்த்து, காசு கொடுத்து, கழிவு லாரியில் ஏற்றினாள். கட்டுப்படியாகவில்லை. ரசாயனத் தொழிலைச் சுத்தமாக நடத்த நினைக்கும் சிறு பட்டறைகளுக்கென்று ஒரு நிதி இருப்பதைக் கேள்விப்பட்டு, நடையாய் நடந்து, ஒரு மெஷின் வாங்கினாள். அழுக்குத் தின்னரைக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்து, தெளிந்த தின்னராகத் திருப்பித் தரும் மெஷின். விலையில் பாதியை நிதி கொடுத்துவிட்டது. மீதிப் பாதி, அதிகாரி நேரில் வந்து அது ஓடுவதைப் பார்த்த பிறகு. பார்க்காவிட்டால் விற்றவன் வண்டியோடு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவான். நடு அறையில் உட்கார்ந்து எல்லாரையும் சுற்றி நிற்கவைத்ததால் அதற்குப் பெயர் மாப்பிள்ளை.

அந்த அதிகாரி இன்று மதியம் வருகிறாள். அதற்காக, கூட வேலை பார்க்கும் கொழுந்தன் நேற்று மாலையே பட்டறையைத் துலக்கி எடுத்திருந்தான்.

“எப்படி அண்ணி?” என்றான் காலையில், முகம் கொள்ளாத பெருமையோடு.

“கண்ணாடியாட்டம் இருக்கு. அழுக்குத் தின்னர் எங்க?”

“லாரியில ஏத்தி அனுப்பிட்டேன். ஒரு டிரம் விடல.”

“அப்ப மாப்பிள்ளைக்கு என்னத்த ஊத்தப் போற?”

கொழுந்தன் மூலையில் இருந்த புதுத் தின்னர் டின்னைப் பார்த்தான். பிறகு மெதுவாக, “புதுத் தின்னர்ல கொஞ்சம் மையக் கலந்துரலாமா?” என்றான்.

“நல்லதக் கெடுத்து, கெட்டத நல்லதாக்கிக் காட்டுறதா? அதுக்குப் பேரு வித்தை.”

சொல்லிவிட்டு டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவள்தான் இப்போது பெயிண்டர் முன்னால் நிற்கிறாள்.

“நைட்ரோ எதுவும் கலக்கலையே?” என்று கேட்டாள்.

“இல்லக்கா. சுத்தமான அழுக்கு.”

அச்சகத்தில் உருளை கழுவியதை ஒரு டிரம்மாகவே கொடுத்தார்கள். மர பாலீஷ்காரர் கேள்விப்பட்டு, தன் டின்னோடு நடுத்தெருவில் மறித்தார். அவள் முகர்ந்துபார்த்துத் தலையாட்டினாள்.

“இது வேணாம்ணே. நைட்ரோ இருக்கு. காய்ச்சினா குபீர்னு பத்திக்கும்.”

“கார் பெயிண்டர் அழுக்கு ஒசத்தி, என் அழுக்கு மட்டமா?”

“மட்டமில்லண்ணே. கோவக்கார அழுக்கு.”

அதிகாரி வந்தபோது மாப்பிள்ளை சூடேறிக்கொண்டிருந்தது. வாசலில் பெயிண்டர், அச்சகக்காரர், டின்னைக் கீழே வைக்காத பாலீஷ்காரர் மூவரும் கல்யாணத்துக்கு வந்தவர்கள்போல நின்றிருந்தார்கள். அதிகாரி டிரம்மை எட்டிப் பார்த்தாள்.

“இது உங்க பட்டறையில சேர்ந்ததா?”

“ஆமா,” என்று தொடங்கிய கொழுந்தனின் காலைச் செருப்பில்லாத காலால் மிதித்தாள் மைக்காரி. சொன்னால் பணம் போகலாம். சொல்லாமல் இருக்க அவளுக்கு வரவில்லை.

“இல்லீங்க. எங்களோடது லாரியில போயிருச்சு. இது தெருவோடது. காலையில போய்க் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

அதிகாரி டிரம்மிலிருந்து மெஷின் பக்கம் திரும்பினாள். அந்த நேரம் குழாய் முனையில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. பின்னால் இன்னொன்று. தண்ணீர்போலத் தெளிவாக இருந்தது.

“அது என்னோடது,” என்றான் பெயிண்டர், பிள்ளையைப் பார்த்தவன்போல.

“மூக்கப் பாரு, எங்க ஜாடை,” என்றார் அச்சகக்காரர்.

அதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “பட்டறையத் துடைச்சு வெச்சிருப்பாங்க, பார்த்திருக்கேன். அழுக்குப் பத்தலைன்னு தெருவுல கைமாத்து வாங்கினவங்கள இப்பத்தான் பார்க்குறேன்,” என்றாள். “மெஷின் ஓடுது. நான் பார்க்க வந்தது அதத்தான். மீதிப் பணம் வரும்.”

“கோவக்கார அழுக்குக்கு ஏதும் நிதி உண்டுங்களா?” என்று டின்னைத் தூக்கிக் காட்டினார் பாலீஷ்காரர்.

மைக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சிரிக்கத் தொடங்கியவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை. கண்ணில் நீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொழுந்தன் நழுவித் தெருமுனைக்குப் போய் அறுந்த செருப்பை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தான். அதைப் பார்த்து இன்னும் சிரித்தாள்.

மறுநாள் காலை வாசலில் பெயிண்டரின் இரண்டு டின்களும் அச்சகத்தின் ஒரு டிரம்மும் இருந்தன. கொழுந்தன் மெஷினைப் போட்டான். அது மாலைவரை ஓடியது. மைக்காரி செருப்பைத் தைக்கக் கொடுத்தாள். பாலீஷ்காரர் வந்து சற்று நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அன்று நீலம் அரைத்தார்கள். சாக்கடை, சாக்கடை நிறத்தில் ஓடியது.