ரத்தம் கசிந்த இடத்தை அம்மன் காட்டினாள்

ரேணுகாம்பாள் அம்மனை நம்பியிருக்கும் அக்கா தங்கைகளுக்கு ஆரணியிலிருந்து கல்பனா சொல்கிறேன். போன வருஷம் ஆடி மாதம் என் தாலி நிலைக்குமா என்று தவித்தேன்.

என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்து கல்யாணப் பட்டு நெய்துகொண்டிருந்தார். திடீரென்று எழுந்து பின்பக்கம் ஓடினார். நானும் ஓடினேன். துணி துவைக்கும் கல் முழுக்க ரத்த வாந்தி. வலியே இல்லை என்றார். அப்படியே சரிந்து விழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றினார்கள். "தாயே, ரத்தத்த நிறுத்து" என்று அழுதேன். நின்றது. வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தால் வயிற்றில் புண் எதுவும் இல்லை. மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கொஞ்ச நாளில் மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனது. மறுபடி ரத்த வாந்தி. மறுபடி அழுதேன், மறுபடி நின்றது. குழாய் விட்டுப் பார்த்தால் மறுபடி ஒன்றுமில்லை.

பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஒரே சந்தேகத்தோடுதான் வந்தார்கள். என் நாத்தனாரே கேட்டுவிட்டாள்: "அண்ணி, மறைக்காம சொல்லுங்க. அண்ணன் குடிச்சிகினு இருக்குதா?"

குடி வாடையே ஆகாத மனிதர். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கே ஒரு பெண் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ரெண்டு வாட்டி தெரியலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம் இல்லம்மா. சில பேருக்கு இரைப்பைத் தோலுக்கு அடியில ஒரு ரத்தக்குழாய் தடிமனா இருக்கும். அபூர்வம்தான். திடீர்னு பீச்சும், தானா அடைச்சிக்கும். அப்புறம் கண்ணுக்கே சிக்காது. ரத்தம் வர்றப்பவே பாக்கணும். இங்கயே இருங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் கேட்டபடி ரத்தம் நின்றது. நின்றதால் நோய் ஒளிந்துகொண்டது. இனி என்ன கேட்பது? ரத்தம் வரட்டும் என்று எந்தப் பெண்டாட்டி வேண்டுவாள்?

வார்டு ஜன்னலோரம் நின்று கைகூப்பினேன். "நிறுத்துன்னு இனிமே கேக்க மாட்டேன் தாயே. எங்க இருக்குதுன்னு காட்டு. டாக்டரம்மா பாக்கறப்ப காட்டு. அவர மட்டும் என்கிட்ட வுட்டுடு."

மறுநாள் காலையில் டாக்டர் வார்டுக்குள் வந்துகொண்டிருக்கும்போதே, "கல்பனா, வயித்தப் பொரட்டுது" என்றார் இவர். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. ரத்தம் ஏற்றிக்கொண்டே உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான் வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அம்மன் பெயரைச் சொல்லக்கூட நாக்கு எழவில்லை.

டாக்டர் வெளியே வந்தபோது அவர் கண்ணிலேயே நல்ல சேதி தெரிந்தது. "கெடச்சிடுச்சிம்மா! இரைப்பை மேல்பக்கம், ஊசி முனை அளவுதான். எங்க கண்ணு முன்னாடியே பீச்சிச்சு. கிளிப் போட்டு மூடிட்டோம்."

சேதி கேட்டு வந்த நாத்தனார் அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டு, "தப்பா கேட்டுட்டேண்ணா" என்று விம்மினாள். அவர் அவள் தலையில் கை வைத்தார்.

இந்த ஆடியும் வந்துவிட்டது. ரத்தம் திரும்ப வரவில்லை. உங்கள் வீட்டில் யாருக்காவது மலம் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி எடுத்தால், குடித்தாரா என்று ஆராய்ந்துகொண்டு உட்காராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஓடும்போதே அம்மனைக் கூப்பிடுங்கள். டாக்டரின் கண்ணிலும் கையிலும் அவள் வருவாள்.

இப்படிச் செய், அப்படிச் செய் என்று இப்போதெல்லாம் நான் அவளிடம் சொல்வதில்லை. விளக்கேற்றிவிட்டு, "உனக்குத் தெரியும் தாயே" என்கிறேன். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.