அண்ணனின் கணையமும் ஊர் சொன்ன காரணங்களும்

எங்கள் அண்ணன் இறந்து ஓராண்டு ஆகிறது. நினைவு நாளுக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கிய எல்லோருக்கும் வணக்கம். அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று மதினி சொன்னார்கள். எழுதுகிறேன். கூடவே, ஒரு வருடமாகப் பலர் வாயில் கிடந்து புரளும் ஒரு கேள்வியைப் பற்றியும் எழுதுகிறேன். அண்ணன் எதனால் இறந்தார்?

அண்ணன் பிறந்தது சுந்தரபாண்டியத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு கிணறு. கிணறு வற்றிய ஆண்டில் அண்ணன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கு வேலைக்குப் போனார். என்னைப் படிக்க வைத்தது அந்தத் தறிக்கூலி. பிறகு லாரியில் கிளீனராக ஏறி, ஓட்டப் பழகி, கடைசியில் கிருஷ்ணன்கோவிலுக்குக் கல்லூரிப் பேருந்து ஓட்டினார். பிந்தி ஓடிவரும் பிள்ளைகளுக்காக வண்டியை நிறுத்துவார். ஏறியதும் திட்டுவார். "ஏட்டி, ராத்திரி பூரா போனை நோண்டுனா காலையில எப்பிடி முழிப்ப?" அவரிடம் திட்டு வாங்கிய பிள்ளைகள்தான் சாவு வீட்டில் வாசல் நிறைய நின்றார்கள்.

ஒரு நாள் வண்டியை விட்டு இறங்கியவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டார். மேல்வயிற்றில் தொடங்கிய வலி முதுகு வரை பாய்ந்தது. வாய்வு என்று நினைத்துச் சோடா வாங்கிக் குடித்தார். வாந்தி நிற்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே, கணையம் வீங்கி அழற்சியாகியிருக்கிறது என்றார்கள். கணையம் என்று ஒன்று உடம்பில் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். இரைப்பைக்குப் பின்னால் இருக்கிறது. சாப்பாட்டைச் செரிக்கச் சாறு சுரக்கிறது. அந்தச் சாறு குடலுக்குப் போகுமுன்பே வேலையைத் தொடங்கி, கணையத்தையே அரித்தால் இந்த நோய்.

டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "குடிப்பாரா?" அவரைக் குறை சொல்ல மாட்டேன். பெரும்பாலும் குடியோ பித்தப்பைக் கல்லோதான் காரணமாம். ஆனால் டாக்டர் கேள்வியாகக் கேட்டதை நம் சொந்தக்காரர்கள் பதிலாக ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் வைத்தே பெரியப்பா மகன் ஆரம்பித்துவிட்டார். "ஆடி மாசம் ஒயின்ஷாப்புல பாட்டிலோட நின்னாம்மா. நானே கண்ணால பாத்தேன்."

"இந்த வருசம் கருப்பசாமி படையலுக்கு அவியளுக்கு முறை. அது சாமிக்கு வாங்குன பாட்டிலுண்ணே" என்றேன் நான்.

"அது சரி, ஆனாலும்..."

"பூசை முடிஞ்ச பொறவு அந்தப் பாட்டிலைக் காலி பண்ணுனது யாரு? சாமியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியப்பா மகன்தான் காலி செய்தவர். அண்ணன் அந்தப் பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்துகொடுக்க மாட்டார். "பிள்ளைகளை ஏத்திட்டுப் போற கை" என்பார்.

குடி இல்லை என்றானதும், காரணம் இல்லாமல் நம் ஆட்களால் இருக்க முடியவில்லை. அத்தை வேறொன்றைக் கொண்டுவந்தார். "அப்பம் கவலைதான். மக பண்ணுன காரியத்துக்கு எந்தத் தகப்பனுக்கு வயிறு எரியாது?" அண்ணன் மகள் கௌரி, சில வாரங்களுக்கு முன்புதான் தனக்குப் பிடித்த வேறு சாதிப் பையனைப் பதிவுத் திருமணம் செய்திருந்தாள். எல்லோரும் தலையாட்டினார்கள். தகப்பனைப் பார்க்க வந்த பிள்ளையை வார்டு வாசலிலேயே மறித்தார்கள். "உன்னப் பாத்தா நோவு இன்னும் கூடிரும். போயிரு தாயி."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனாலும், உண்மையாக இருக்குமோ என்றும் தோன்றியது. நம் பேச்சில் துன்பமெல்லாம் வயிற்றில்தான் இருக்கிறது. வயிறு எரிகிறது, வயிற்றைப் பிசைகிறது, வயிற்றில் புளியைக் கரைக்கிறது. இத்தனை பேர் இத்தனை காலம் சும்மாவா சொல்லியிருப்பார்கள்? டாக்டரிடமே போய்க் கேட்டேன். கவலையால் கணையம் கெடுமா?

அவர் சிரிக்கவில்லை. "நல்ல கேள்விதாம்மா. கவலை மட்டுமே நேரா இந்த நோயைக் கொண்டுவரும்னு சொல்ல எங்ககிட்ட ஆதாரம் இல்ல. கவலையில ஒருத்தர் குடிக்கலாம், சிகரெட் பிடிக்கலாம், கண்டதைச் சாப்பிடலாம். அப்படிச் சுத்திவளைச்சு வரலாம். ஏற்கனவே வந்த நோயைக் கவலை மோசமாக்குமான்னு இன்னும் ஆராய்ஞ்சுட்டுதான் இருக்காங்க. உங்க அண்ணனுக்குப் பித்தப்பையில கல் இல்ல. ரத்தத்துல ஒரு வகைக் கொழுப்பு ரொம்ப ரொம்ப அதிகம். எனக்கு அதுமேலதான் சந்தேகம். குடும்பத்துலயே இருக்கலாம். நீங்களும் டெஸ்ட் பண்ணிக்கோங்க."

கௌரியைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனேன். மூக்கில் குழாயோடு அண்ணன் கண்ணைத் திறந்தார். "வந்துட்டியா? மாப்ள எங்க? வெளியவே நிக்க வச்சிட்டாளுவளா?" என்றார். அவள் அழுதுகொண்டே கணவரைக் கூப்பிட ஓடினாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் நேராகவே கேட்டேன்.

"அண்ணே, இவ போனது உனக்குக் கவலையா இருந்துச்சா?"

"இல்லாமலா இருக்கும்? சொல்லாமப் போயிட்டாளேன்னு எம்புட்டோ வருத்தம். ஆனா வருத்தப்பட்டது நான்லா. அதுக்கு அவ என்னட்டி செய்வா?"

பிறகு காய்ச்சல் வந்தது, மூச்சு வாங்கியது, சிறுநீரகம் நின்றது. அண்ணன் திரும்பி வரவில்லை.

காரியம் முடிந்ததும் நான் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கும் அதே கொழுப்புதான், அளவுக்கு மேல். அத்தையிடம் சொன்னேன். "உனக்குக் கொழுப்புன்னு ரத்தத்தைப் பாத்தாத்தான் தெரியணுமாக்கும்" என்றார். சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் என் பிள்ளைகள் எனக்குச் சொல்லாமல் யாரையும் கட்டவில்லை. எனக்கு எந்தக் கவலை வந்து இது ஏறியது? எங்கள் ரத்தத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். மருந்து இருக்கிறது.

அண்ணன் எதனால் இறந்தார் என்று முழுசாக எனக்குத் தெரியாது. டாக்டரே சந்தேகம் என்றுதான் சொன்னார். மனசுக்கும் வயிற்றுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது என்று இன்றும் நினைக்கிறேன். யாராவது கண்டுபிடித்தால் ஆவலாகப் படிப்பேன். அதுவரை, தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி ஒரு பெண்ணின் தலையில் கட்ட யாருக்கும் உரிமை இல்லை.

மதுரையில் அண்ணனைப் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் நர்சுகளுக்கும் நன்றி. ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி. உடலை ஊர் கொண்டுவர வண்டி பிடித்து, கடைசி வரை கூடவே நின்ற பெரியப்பா மகனுக்கும் நன்றி. சண்டை வேறு, இது வேறு. தகப்பனுக்கு வாய் துடைத்து, துணி மாற்றி, பக்கத்திலேயே கிடந்த கௌரிக்கும், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசாமல் மருந்துக்கு ஓடிய அவள் கணவருக்கும் இந்தக் குடும்பத்தின் நன்றி.

இன்று படையல் முடிந்ததும் முதல் பந்தியில் அவர்கள் இருவரும் உட்காருவார்கள். நான்தான் பரிமாறுவேன். பக்கத்தில் உட்கார மனம் இல்லாதவர்கள் அடுத்த பந்திக்கு இருங்கள். சோறு நிறையவே வடித்திருக்கிறோம்.