செய்தி வாசிப்பவருக்குப் பதில் வணக்கம்

அப்பா அறுபதுகளில் லண்டனில் படித்தவர். அந்த நகரத்தைப் பற்றி அவர் எங்களுக்குச் சொன்னதெல்லாம் தொலைக்காட்சியைப் பற்றித்தான். ஆறு, பாலம், ராணி ஒன்றும் அவர் கதையில் வராது. வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறை, அதில் ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதன் முன்னால் அவரும் வீட்டுக்காரக் கிழவியும். அவ்வளவுதான் லண்டன்.

காலையில் கோடும் வட்டமுமாக ஒரு படம் அசையாமல் நிற்குமாம். வகுப்பில்லாத நாட்களில் அப்பா அதையும் பார்ப்பார். பிறகு பள்ளிக்கூடப் பாடம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சின்னப் பிள்ளைகளுக்குப் பொம்மைகள் வரும். அதன்பின் குதிரை ஓட்டம், இல்லாவிட்டால் வெறும் இடைவேளை. பின்னேரம் பெரிய பிள்ளைகளுக்கானது, செய்தி, நாடகம், ஒரு பாதிரியாரின் சின்னப் பேச்சு, கடைசியில் தேசிய கீதம். கீதத்துக்குக் கிழவி எழுந்து நிற்பாள், அப்பாவும் நிற்பார். பெட்டியை அணைத்ததும் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி சுருங்கிக்கொண்டே போகும். அது மறையும்வரை இருவரும் அசையமாட்டார்களாம்.

செய்தி வாசிப்பவர் கோட்டும் டையும் கட்டி வந்து "குட் ஈவினிங்" என்பார். அப்பா கதிரையிலிருந்து அரைவாசி எழுந்து, பதிலுக்கு "குட் ஈவினிங்" சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளை. பெரிய மனிதர் ஒருவர் முகத்தைப் பார்த்து வணக்கம் சொல்லும்போது கால்மேல் கால் போட்டுக்கொண்டு சும்மா இருக்க அவருக்கு வரவில்லை. கிழவி சிரிக்கவில்லை. கொஞ்ச நாளில் அவளும் பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள். சிரித்ததெல்லாம் பிற்காலத்தில் நாங்கள்தான்.

படித்து முடித்து ஊருக்குத் திரும்பிய மனிதர், ஊரில் சண்டை மூண்ட பின் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தது ஜெர்மனியில் எசன் நகரத்துக்கு. லண்டன் விசா தரவில்லை. அந்தக் கோபத்தை அவர் பல வருடம் வைத்திருந்தார். இப்போது அதையும் மறந்துவிட்டார். போன மாரியில் ஒரு நாள் வீட்டுச் செருப்போடு டிராம் தரிப்பிடத்தில் நின்றார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு வகுப்புக்கு என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் காலை வேலை. அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று பராமரிப்புக் காப்புறுதிக்கு எழுதினேன். எவ்வளவு உதவி தேவை என்று பார்க்க ஒரு ஜெர்மன் பெண்மணி வருவதாக நாளும் நேரமும் குறித்து டெர்மின் வந்தது. உதவி கிடைத்தால் அப்பா வீட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் முதியோர் இல்லம்தான். "அங்கை என்னாலை இருக்க ஏலாது, பிள்ளை" என்று புத்தி தெளிவாக இருந்த ஒரு நாளில் என் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

அப்படிப்பட்ட இல்லத்தில் வேலை செய்யும் தோழி முதலே எச்சரித்தாள்.

"அக்கா, வீட்டைத் துடைக்காதேங்கோ. றோல்ஸ் பொரிச்சு வைக்காதேங்கோ. அவருக்குச் சேட்டு மாத்தாதேங்கோ. இருக்கிறபடி இருக்கட்டும். எல்லாம் நல்லாயிருந்தா உதவி தேவையில்லை எண்டு எழுதிப்போடுவினம்."

"ஓம்" என்றேன். பிறகு வீட்டைத் துடைத்தேன். றோல்ஸும் பொரித்தேன். வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் எங்கள் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. யாரோ வருகிறார்கள் என்று தெரிந்ததும் அப்பாவும் டை கேட்டார். கட்டிவிட்டேன்.

அந்தப் பெண் வந்து எதிரில் உட்கார்ந்து ஜெர்மன் வணக்கமாக "கூட்டன் டாக்" என்றார். அப்பா அரைவாசி எழுந்து "குட் ஈவினிங்" சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பெண்ணுக்குப் பிடித்துப்போயிற்று. என்ன கிழமை என்று கேட்டார். அப்பா மரியாதையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த மாதம் என்று கேட்டார். அதற்கும் அதே பார்வை.

"அப்பா, உங்களைத்தான் கேக்கிறா."

"எங்களைக் கேக்கேல்லை, பிள்ளை" என்றார் தணிந்த குரலில். "அவா எல்லாரையும் சேத்துக் கேக்கிறா."

அந்தப் பெண் அவருக்கு ஆங்கிலம் வருமென்று கண்டு, நாள் எப்படிப் போகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பாவின் முகம் மலர்ந்தது. காலைப் படத்திலிருந்து தேசிய கீதம்வரை ஒன்றும் பிசகாமல், நல்ல ஆங்கிலத்தில் சொன்னார். பொம்மைகளை விடவில்லை, பாதிரியாரை விடவில்லை. பெண் தலையை ஆட்டி ஆட்டி மடிக்கணினியில் தட்டிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன். ஒழுங்கான தினசரி நடைமுறை உண்டு என்று எழுதியிருந்தார்.

நான் பேசாமல் இருந்தால் அப்பா இல்லத்துக்குப் போகவேண்டும். பேசினால், டை கட்டி உட்கார்ந்திருக்கும் மனிதரை அவர் முன்னாலேயே ஒன்றும் தெரியாதவர் என்று சொல்லவேண்டும். ஜெர்மன் அவருக்கு விளங்கும்.

நிமிர்ந்து உட்கார்ந்து, அழுகை வராமல் இருக்க ஒவ்வொரு சொல்லாக, செய்தி வாசிப்பதுபோல ஒரே குரலில் சொன்னேன். அவர் சொன்னது இன்றைய நாள் இல்லை, அறுபது வருடத்துக்கு முந்தியது. அது லண்டன். இன்று காலை என்ன சாப்பிட்டார் என்று அவருக்குத் தெரியாது. தனியாகக் கழிப்பறைக்குப் போக முடியாது. என் பெயரைச் சொல்லிக் கனநாளாகிறது.

பெண் எழுதியதை அழித்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். உதவி பிறகு கிடைத்தது. காலையில் ஆள் வருகிறது, அப்பா வீட்டில்தான் இருக்கிறார்.

ஆனால் அன்றைக்கு நான் சொல்லி முடிக்கும்வரை அப்பா கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார், அழுவார் என்று பயந்தேன். அவர் டையைச் சரிசெய்துகொண்டு, கதிரையிலிருந்து அரைவாசி எழுந்து, என் முகத்தைப் பார்த்து "குட் ஈவினிங்" என்றார்.