அத்தை தைக்கக் கொடுத்த ஜாக்கெட்

அத்தை இறந்து ஒரு மாதமாகிறது. அவர் தைக்கக் கொடுத்திருந்த ஜாக்கெட்டை வாங்க இன்று மேச்சேரி டெய்லர் கடைக்குப் போனேன்.

“அத்தை வரலீங்களா?” என்றார் டெய்லரக்கா.

சொன்னேன்.

மிஷினை நிறுத்திவிட்டு, ஜாக்கெட்டைப் புரட்டி உள்பக்கத்தைக் காட்டினார்.

“ரெண்டு பக்கமும் துணிய நெறைய உள்ள மடிச்சு உடச் சொன்னாங்க. ‘வைத்தியத்துல எளச்சுட்டேன், ஒடம்பு தேறுனா பிரிச்சு உட்டுக்கலாம்’னாங்க.”

எங்களிடம் மட்டும், “எனக்கு வாழ்ந்தது போதுஞ் சாமி” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

மடிப்பைப் பிரித்து எனக்குப் போட்டுவிடச் சொன்னேன். முழுவதும் பிரித்தும் கொக்கி எட்டவில்லை.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் “எளச்சுப் போயிட்டியே சாமி” என்ற ஒரே ஆள் அத்தைதான்.

இனி அந்தப் பொய்யை யார் சொல்லப்போகிறார்கள்?