நான் பாதியில் நிறுத்திய பாட்டு

ஏழு வருடங்களுக்கு முன்பு செந்துறைப் பக்கம் ஒரு கிராமத்தில் பொங்கல் விளையாட்டு விழா. உறியடி முடிந்து, பரிசு கொடுப்பதற்கு முன்னால் எங்கள் கச்சேரி. நாலு மணி வெயிலில் டிராக்டர் டிரெய்லர்தான் மேடை.

பிள்ளைகளே, நாங்கள் வாசித்தது ராக் இசை. எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் அதிர அதிர வரும், வெளிநாட்டில் பிறந்தது. அந்த நாட்டைப் படத்தில்தான் பார்த்திருக்கிறோம். செல்போன் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, விரலை எங்கே வைக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டோம். மூன்று பேர். பாடிக்கொண்டே கிட்டார் வாசிப்பவன் என் லப்பைக்குடிக்காட்டு நண்பன். பேஸ் கிட்டாருக்கு இன்னொருவன். டிரம்ஸ் நான். ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் மூட்டை ஏற்றும் வேலை எனக்கு. கல்யாண ஆர்கெஸ்ட்ராக்களிலும் வாசிப்பேன்.

நண்பனுக்குக் கத்தாரில் வேலைக்கு விசா வந்திருந்தது. போக மனமில்லை. அவன் அத்தா, அதாவது அப்பா, ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். "ஒரு தடவ வந்து கேக்குறேன். நாலு பேரு உக்காந்து கேட்டாங்கன்னா ஒரு வருஷம் உன் இஷ்டம். இல்லன்னா பேசாம பிளேன் ஏறிடணும்." சொன்னபடியே வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு நண்பனே தமிழில் எழுதியது. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைப் பற்றி. முதல் பாதி மெதுவாகப் போகும், கிட்டார் முனகுவது போல. கடைசியில்தான் எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

இரண்டு நிமிடம் தாண்டவில்லை.

"ஏன்டா, கரண்டு கம்பில காக்கா மாட்டிக்கிச்சா?" என்று ஒருவர் கத்தினார்.

"வெள்ளக்காரன் வூட்டு எழவுக்கு நம்மூருல எதுக்குடா அழுவுறீங்க? சினிமா பாட்டு போடுங்கப்பா!" என்றார் இன்னொருவர். ஒரே சிரிப்பு. சிலர் எழுந்துவிட்டார்கள்.

ஆர்கெஸ்ட்ராக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கூட்டம் எழுந்தால் டிரம்ஸ்காரன் யாரையும் கேட்காமல் குத்துப்பாட்டு அடிக்கு மாறிவிட வேண்டும். மற்றவர்கள் பின்னாலேயே வந்துவிடுவார்கள். என் கை அதைச் செய்துவிட்டது. நண்பனைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் நினைத்தேன்.

விசில் பறந்தது. இளவட்டங்கள் ஆடத் தொடங்கினார்கள். பேஸ்காரனும் என்னோடு சேர்ந்துகொண்டான். நண்பன் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தான். முகத்தில் கோபம்கூட இல்லை. கிட்டார் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு டிரெய்லரிலிருந்து இறங்கிப் போய்விட்டான்.

அடித்து முடித்ததும் நான் அவன் அத்தாவிடம் ஓடினேன். "கூட்டம் கலைஞ்சிடுமேன்னு மாத்துனேன் அத்தா. இப்ப பாருங்க, எவ்ளோ ஜனம்!"

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அந்தப் பாட்டு ஒண்ணும் வெளங்கல தம்பி. ஆனா எம்புள்ள கண்ண மூடிக்கிட்டுப் பாடுனான். முடியிறவரைக்கும் கேட்டுடணும்னு உக்காந்திருந்தேன். என்னாட்டம் இன்னும் நாலு பேரு இருந்தாங்க. கூட வாசிச்ச நீதான் கேக்கல."

ஒரு வருடம் தருகிறேன் என்று அவர் வீட்டில் சொன்னாராம். நண்பன்தான் "வேணாம் அத்தா, போறேன்" என்றிருக்கிறான். அடுத்த மாதமே விமானம் ஏறினான்.

போன் செய்தால் வேலை, வெயில், சாப்பாடு எல்லாம் பேசுவான். ஒருமுறை மன்னிப்புக் கேட்டேன். "கிட்டார யாருக்கோ குடுத்துட்டேன் மச்சான். வேற பேசு" என்றான்.

அந்த இசை பிறந்த நாட்டுக்கு நாங்கள் யாரோ. சொந்த ஊருக்கும் அன்று யாரோ ஆகிப்போனோம். அதையெல்லாம் அவன் தாங்கியிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். பக்கத்தில் இருந்த நானும் அவனுக்கு யாரோ ஆகிவிட்டேனே. பெரிய புத்தி சொல்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இல்லை. அந்தப் பாட்டின் கடைசிப் பகுதியை ஊரில் ஒருவரும் கேட்காமல் போனதற்கு என் இரண்டு கைகள்தான் காரணம் என்பது மட்டும், எங்கே டிரம்ஸ் சத்தம் கேட்டாலும் நெஞ்சில் வந்து உறுத்துகிறது.