பிடுங்கி எறிந்த வேப்பிலை

திருச்செங்கோட்டில் தேர்த் திருவிழா வந்தால் எங்கள் வீட்டு முன்னறையை வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுவோம். அந்த வருஷம் பார்த்து என் மகனுக்கு அம்மை போட்டிருந்தது. வாசலில் வேப்பிலை செருகியிருக்கும் வீட்டில் யாரும் படியேற மாட்டார்கள். வாடகையை இழக்க எனக்கு மனமில்லை. வேப்பிலையைப் பிடுங்கிக் கொல்லையில் எறிந்தேன். மகனைப் பின்னறையில் படுக்கவைத்துக் கதவைச் சாத்தினேன்.

எருமப்பட்டியிலிருந்து ஒரு குடும்பம் ஐந்து வயதுப் பெண் குழந்தையோடு வந்தது.

"ஊட்டுல எல்லாரும் சௌக்கியந்தானுங்களே?" என்று கேட்ட பிறகுதான் அந்தத் தாய் மூட்டையை இறக்கினாள்.

"சௌக்கியந்தானுங்க" என்றேன்.

அவர்கள் ஊருக்குப் போனதும் மகன் சொன்னான். "நீ தண்ணிக்குப் போனப்ப அந்தப் பாப்பா கதவத் தொறந்து பாத்துச்சும்மா. என்ர பம்பரத்தக் குடுத்துட்டேன்."

நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் குழந்தையின் அப்பா வந்தார். கையில் பம்பரம் இருந்தது.

"தேர்க் கூட்டத்துல எங்கியோ அம்மை தொத்திக்கிச்சுங்க. பாப்பா பொழைக்கலீங்க." பம்பரத்தை என்னிடம் நீட்டினார். "அவ துணிக்குள்ள இது இருந்துச்சுங்க. உங்க ஊட்டுல கேக்காம எடுத்தாந்துட்டா போல. மன்னிச்சுக்கோங்க."

அவள் திருடவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பின்னறையில் யார் கிடந்தது என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

பம்பரத்தை வாங்கிக்கொண்டு, "பரவாயில்லீங்க, சின்னப் புள்ளதானுங்களே" என்றேன்.